சீந்தில் கசாயமும் ஊதா நிறப் புள்ளிகளும்

அக்காவின் இரைப்பையை நான் கண்டது ஒரு கணினித் திரையில். சத்திரசிகிச்சையில் வெட்டி அகற்றிய பகுதியிலிருந்து, வெங்காயச் சருகினும் மெல்லிய ஒரு சீவலை எடுத்துச் சாயமூட்டி, நுண்நோக்கியின் வழியே பிடித்த படம் அது. இளஞ்சிவப்பு நிறம் பரந்திருந்த வெளியில் ஒழுங்கற்ற திட்டுகள் தெரிந்தன. அத்திட்டுகளைச் சுற்றியும், அவற்றின் இடுக்குகளிலும், நடுவிலும் ஊதா நிறப் புள்ளிகள் செறிந்து கிடந்தன. முன்னறிவில்லாத கண்ணுக்கு அது பூப்போட்ட ஒரு நல்ல சீத்தைத் துணியின் அச்சு என்றே தோன்றும். அழகாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் அழகாகத்தான் இருந்தது.

படத்தைப் பார்க்க வேண்டுமென்று கேட்டவர் அக்காதான். தன் உடம்பிலிருந்து எடுத்ததைத் தான் காணாமல் பிறர் மட்டும் கண்டிருப்பது முறையன்று என்பது அவருடைய வாதம். முந்திய சந்திப்பில் அவர் இதைச் சொன்னபோது வைத்தியர் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. அடுத்த முறை நாங்கள் போன பொழுது, ஆய்வுகூடத்திலிருந்து அப்படத்தைக் கேட்டு வாங்கித் திரையில் விரித்து வைத்திருந்தார். நடுவயதுப் பெண்மணி, இங்கிலாந்தின் வடபகுதிப் பேச்சு, குட்டையாக வெட்டிய நரைமுடி. கதிரையைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு அக்காவை அதில் இருத்திவிட்டுத் தாம் நின்றுகொண்டே விளக்கினார்.

நாங்கள் மூவர் போயிருந்தோம். அக்கா ஆண்டுக்கணக்காகப் பாதாள ரயில் நிலையமொன்றில், பயணச்சீட்டுக் காட்டி நுழையும் கதவுகளருகே நின்று பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆங்கிலத்தில் கோபிக்கவும் பகிடிவிட்டுச் சிரிக்கவைக்கவும் அவருக்கு வரும். மூன்றாமவர் மச்சாள், அதாவது அக்காவின் காலஞ்சென்ற கணவரின் தங்கை. அவர் நகரின் கிழக்கே பார்க்கிங் என்னும் பகுதியில் இருக்கிறார். அக்கா இருப்பது அதே நகரின் வடக்கே எட்மண்டனில். அத்தான் இறந்த பின்னும் மச்சாள் அண்ணியை விட்டுப் போகவில்லை. நோய் என்று கேட்ட நாள் முதல் எல்லாச் சந்திப்புக்கும் வந்தார். ஆங்கிலம் அவருக்கு அரைகுறை; ஆகவே மொழிபெயர்ப்பது என் கடமையாயிற்று.

ஊதா நிறப் புள்ளிகள் உடம்பின் காவல் அணுக்கள் என்றார் வைத்தியர். கிருமி புகுந்தால் தேடிச் சென்று அழிப்பவை அவைதாம். சிலருடைய புற்றுக் கட்டியில் அவை வெளி ஓரத்திலேயே நின்றுவிடுமாம். சிலருடையதில் அறவே வருவதில்லையாம். அக்காவின் கட்டியிலோ அவை திரளாக உள்ளே நுழைந்திருந்தன. அப்படி நுழைந்திருந்தும் ஏன் கட்டியை அழிக்கவில்லை என்று அக்கா கேட்டார். புற்றணுக்கள் தம் மேற்பரப்பில் ஓர் அடையாளத்தைக் காட்டுகின்றன. அதைக் கண்டதும் காவல் அணுக்கள் கைகட்டி நின்றுவிடுகின்றன. நாங்கள் தரப்போகும் மருந்து அந்த அடையாளம் அவற்றின் கண்ணில் படாமல் மறைக்கும் என்றார் வைத்தியர்.

அக்கா சற்று நேரம் திரையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆக்கள் கனபேர் உள்ளுக்கு வந்து நிக்கினம். வேலை செய்ய மட்டும் விடுகினமில்லை. எங்கடை ஸ்டேசனிலையும் உப்பிடித்தான். மனேச்சர் ஒருத்தர் போதும், எல்லாரையும் நிப்பாட்டி வைக்க."

வைத்தியருக்கு அதை அவரே ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். வைத்தியர் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா கேட்கவேண்டியதைக் கேட்டார். சத்திரசிகிச்சைக்குப் பின் எடுத்த ஸ்கேனில் வயிற்றின் உட்பகுதியிலுள்ள சில நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. நோய் முழுவதும் போய்விடவில்லை என்பதை அவர் அறிவார். இந்தப் புள்ளிகள் நிறைய இருப்பதால் தமக்கு ஆயுள் கூடுமா என்பதே கேள்வி.

வைத்தியர் தந்த விடையை நான் இன்றும் மனத்துள் புரட்டிப் பார்ப்பதுண்டு. இத்தகைய அணுக்கள் செறிந்த கட்டியுடையோரை ஒரு கூட்டமாக எடுத்துப் பார்த்தால், அவை இல்லாதோரைக் காட்டிலும் அவர்களுடைய நோய் பெரும்பாலும் நல்ல போக்கில் செல்கிறது. இந்த மருந்தும் அவர்களுட் பலருக்கு நன்கு பலனளிக்கிறது. அந்தக் கூட்டத்துள் நீங்கள் எவ்விடத்தில் நிற்பீர்கள் என்பதை என்னால் சொல்ல இயலாது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருப்பது எனக்கு மகிழ்ச்சி. இவ்வளவே. பிறர் எழுதும் வசனங்களைத் திருத்தியே காலத்தைக் கழித்தவன் நான். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ இடமில்லாத அந்த விடையைக் கேட்டு வியந்து போனேன். ஆறுதலுக்காக உண்மையை அவர் நீட்டவில்லை. உண்மைக்காக ஆறுதலை வெட்டவுமில்லை.

மச்சாளுக்காக நான் எல்லாவற்றையும் தமிழாக்கினேன். அவர் தலையசைத்தபடி கேட்டார். வெளியே வந்து மின்தூக்கிக்காகக் காத்து நின்றபோது தம் முடிவைச் சொன்னார்.

"அப்ப உள்ளுக்குச் சண்டை நடக்குது, தம்பி. சண்டை பிடிக்கிறவைக்குச் சாப்பாடு அனுப்ப வேணுமெல்லோ?"

"சண்டை எண்டு சொல்லாதை, பிள்ளை. ஊரிலை ஒரு சண்டைக்குத் தப்பி வந்தது காணும்" என்றார் அக்கா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டதென்றே நான் எண்ணியிருந்தேன்.

மருந்து ஏற்றும் நாட்களில் அக்கா சாய்வு நாற்காலியொன்றில் அமர்ந்திருப்பார். நாளத்தின் வழியே மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும். தொடங்குமுன் வைத்தியர் எச்சரித்திருந்தார்: கைகட்டி நின்ற அணுக்கள் விடுபட்டதும் சிலவேளை எல்லை கடந்து, நல்ல உறுப்புகளையும் தாக்கும், குடல், தோல், கல்லீரல் எதுவும் தப்பாது, ஆகவே ஒவ்வொரு முறையும் முதலில் இரத்தம் பார்த்த பின்பே மருந்து. வேறு மருந்துகளோ ஊரிலிருந்து வரும் மூலிகைகளோ உட்கொள்கிறீர்களா என்றும் அன்று கேட்டார். இல்லையென்றார் அக்கா. அன்றைக்கு அது முழு உண்மை.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரைப்பையில் பெரும்பகுதி போய்விட்டதால் அக்கா சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணப் பழகிக்கொண்டார். அரைக் கிண்ணம் சோறு, பின் ஒரு துண்டு மீன், பின் பாதி வாழைப்பழம். யாழ்ப்பாணத்து வீடுகளில் நோயாளியைப் பார்க்க வருவோர் வெறுங்கையோடு வருவதில்லை; கொடுத்ததை உண்ணாவிடில் போவதுமில்லை. இடியப்பப் பெட்டிகளுடன் வந்த உறவினர் அனைவரையும் அக்கா தம் புன்னகையால் சமாளித்தார். வாங்கிக்கொள்வார், வாயில் ஒரு துளி வைப்பார், புகழ்வார், மிகுதியை என்னிடம் தந்துவிடுவார். அந்த மாதங்களில் என் எடை கூடியது.

இலையுதிர்காலத்தின் முடிவில் ஒரு முறை இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவுகள் உயர்ந்திருந்தன. அன்று மருந்து ஏற்றவில்லை. புதிய மருந்து ஏதும் எடுத்தீர்களா என்று தாதி தொலைபேசியில் வினவினார், இல்லையென்றார் அக்கா. அடுத்த பரிசோதனையில் அளவுகள் இன்னும் மேலே போயிருந்தன. விடுபட்ட அணுக்கள் ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம் என்றார் வைத்தியர். நாளை மறுநாள் மீண்டும் பார்ப்போம். அன்றும் உயருமானால் அவ்வணுக்களை அடக்கும் மாத்திரைகளைத் தொடங்கவேண்டும். இந்த மருந்தையோ முற்றாக நிறுத்திவிட வேண்டிவரும். இதை ஒத்த வேறொரு மருந்து இருக்கிறதா என்று நான் கேட்டேன். இவ்வளவு பொருத்தமான வேறொன்று தம் கையில் இல்லை என்றார். அவர் அதைச் சொன்ன முறையிலிருந்து, நாங்கள் எதை இழக்கவிருந்தோம் என்பது எனக்கு விளங்கியது.

நான் காரை ஓட்ட, வீடு திரும்பினோம். வட்டவீதியில் வாகனங்கள் நகரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. வைத்தியர் சொன்னதை நான் மச்சாளுக்குச் சுருக்கிச் சொன்னேன். பின்னிருக்கையிலிருந்து அவர் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப நாளையில இருந்து பின்னேரமும் கொண்டு வாறன். காலமை மட்டும் குடுத்தாக் காணாது போல."

எதைக் கொண்டு வருவீர்கள் என்று கேட்டேன்.

"சீந்தில்தான், தம்பி. கசாயம். உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. மச்சாள் ஒளிக்கவுமில்லை, கேட்டதும் பெருமையோடு விரித்துரைத்தார். பார்க்கிங்கில் தம் வீட்டருகே உள்ள கடையில் நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று எழுதிய சீந்தில் பொடி விற்கிறார்கள். அதை எட்டிலொன்றாக வற்றக் காய்ச்சி, வடித்து, போத்தலில் ஊற்றி, வேலைக்குப் போகுமுன் பேருந்தேறி எட்மண்டனுக்குக் கொண்டுவந்து, அக்கா குடித்து முடிக்கும்வரை நின்று, வெறும் போத்தலை எடுத்துச் செல்வார். பல வாரங்களாக இது நடந்திருக்கிறது. சண்டை பிடிப்பவர்களுக்குச் சாப்பாடு.

நான் கண்ணாடியில் மச்சாளைப் பார்த்தேன். பிறகு அக்காவைப் பார்த்தேன். அக்கா யன்னலுக்கு வெளியே அசையாமல் நின்ற பாரவண்டியொன்றைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார்.

"மச்சாள், அது ஈரலுக்குக் கூடாதோ தெரியாது" என்று தொடங்கினேன்.

"நீ ரோட்டைப் பார்த்து ஓடு" என்றார் அக்கா.

மச்சாளை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டபோது, வழக்கம்போல் அண்ணியின் கையைப் பிடித்துவிட்டுப் போகாமல், குடையை விரிக்கவும் மறந்து நடந்து சென்றார்.

அவர் தலை மறைந்ததும் நான் அக்காவைக் கடிந்துகொண்டேன். ஆங்கிலத்தில் ஐயமறக் கேட்டார்களே, ஏன் சொல்லவில்லை என்றேன்.

"புது மருந்து ஏதும் எடுத்தனீங்களோ எண்டுதான் அந்த நர்ஸ் கேட்டது. இது மருந்தெண்டு எனக்கு ஒருநாளும் படேல்லை. அவள் தாறது. நான் குடிக்கிறது. அவ்வளவுதான்."

பிறகு, நான் கேளாமலே, தொடர்ந்தார். அத்தான் பெருந்தொற்றுக் காலத்தில் இறந்தவர். வைத்தியசாலைக்குள் உறவினர் எவரையும் விடாத நாட்கள் அவை. மச்சாள் அப்போது நாள்தோறும் ஏதேனும் சமைத்து எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார் என்பது எனக்கும் தெரியும்.

"தன்ரை அண்ணைக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்க அவளுக்குக் கிடைக்கேல்லை. விடியக்காலமை பஸ் பிடிச்சுப் போத்தலோடை வந்து நிக்கிறவளிட்டை நான் என்னெண்டு வேண்டாம் எண்டிறது? இடியப்பக்காரரை ஏய்க்கலாம். அவளை ஏய்க்க ஏலாது. குடிச்சு முடிக்குமட்டும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிப்பாள்."

வீடு போனதும் வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா அதற்கு உடன்படவில்லை. கசாயம் இந்தக் கணத்தோடு நின்றுவிட்டது. சந்திப்போ நாளை மறுநாள். அதற்குள் ஒன்றும் மாறிவிடாது. சொல்லத்தான் வேண்டும், ஆனால் மச்சாள் இல்லாத இடத்தில் அவரைப்பற்றிச் சொல்வது கோள் சொல்வதாகும். "அவளையும் கூட்டிக்கொண்டு போவம். அவளுக்கு முன்னாலை நான் சொல்லுறன்" என்றார். உயிர் ஊசலாடும் நேரத்திலும் இன்னொருத்தியின் முகம் வாடக் கூடாதென்று நினைக்க ஒருவருக்கு இயலுமா என்று நான் மலைத்தேன். அதே வேளை, மச்சாள் வராமலே விட்டுவிடுவாரோ என்றும் அஞ்சினேன்.

மச்சாள் வந்தார். எங்களுக்கு முன்பாகவே வந்து, காத்திருப்போர் கதிரையொன்றில், மடியில் கறுப்புப் பையோடு அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் பையை அணைத்துக்கொண்டு எழுந்தார்.

வைத்தியர் புதிய இரத்தப் பரிசோதனையின் முடிவு இன்னும் வரவில்லை என்று தொடங்குமுன்பே அக்கா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். தாம் சில வாரங்களாக மூலிகைக் கசாயம் ஒன்று குடித்து வந்ததாகவும், அதைத் தாமே விரும்பிக் கேட்டதாகவும், தாம் வற்புறுத்தியதனாலேயே இவர் காய்ச்சித் தந்ததாகவும் சொன்னார். ரயில் நிலையத்தில் பயணிகளுக்குத் தாமதத்தை அறிவிக்கும் குரல் அது. எவரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள்.

என் கடமை மொழிபெயர்ப்பது. நான் மச்சாளுக்குச் சொன்னேன்.

மச்சாள் அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, அண்ணி பொய் சொல்லுறா. அவ கேக்கேல்லை. நான்தான் குடுத்தனான். அவ குடிக்காமல் விட்டா நான் அழுவன் எண்டு குடிச்சவ. உதை அப்பிடியே டொக்டரிட்டைச் சொல்லுங்கோ, ஒண்டும் விடாமல்."

சொல்லிவிட்டுப் பையைத் திறந்தார். பொடி அடைத்த பொதியையும், அடியில் கசடு தங்கிய ஒரு போத்தலையும் எடுத்து வைத்தியரின் மேசைமேல் வைத்தார். பையில் வேறொன்றும் இருக்கவில்லை. அவர் அன்று வந்ததே அதற்காகத்தான். இரு பெண்களும் ஒருவரையொருவர் காக்கத் தனித்தனியே தீர்மானித்துக்கொண்டு வந்து ஒரே மேசையில் மோதிக்கொண்டதை, அந்த அறையில் நான் ஒருவனே இரு மொழியிலும் கேட்டேன். சொன்னபடி, ஒன்றும் விடாமல், ஆங்கிலத்தில் சொன்னேன்.

வைத்தியர் பொதியைக் கையில் எடுத்து ஒளியில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் கடுமையோ ஏளனமோ தோன்றுமென்று எதிர்பார்த்தேன், தோன்றவில்லை. கதிரையைத் திருப்பி மச்சாளுக்கு நேர்முகமாக அமர்ந்து, ஒரு சக வைத்தியரிடம் விசாரிப்பதுபோல் விசாரித்தார். இது கொடியா, வேரா? எவ்வளவு பொடி, எவ்வளவு நீர்? எவ்வளவு நேரம் காய்ச்சுவீர்கள்? எப்போது தொடங்கினீர்கள்? கடைசியாகக் கொடுத்தது எப்போது? மச்சாள் ஒவ்வொன்றுக்கும் அளந்து விடை சொன்னார். முதலில் தாழ்ந்திருந்த குரல் போகப் போக நிமிர்ந்தது. எட்டிலொன்று என்பதை ஆங்கிலத்தில் விளக்க நான் தடுமாறியபோது அவரே கையால் போத்தலின் உயரத்தைக் காட்டி விளக்கினார்.

சீந்தில் சிலருடைய கல்லீரலைக் கெடுத்திருப்பதை மருத்துவ உலகம் அறியும் என்றார் வைத்தியர். உடம்பின் காவலைத் தூண்டும் என்று நம்பிக் குடிக்கும் ஒன்று, காவலை ஏற்கெனவே அவிழ்த்துவிட்ட இந்த மருந்தோடு சேரும்போது என்ன செய்யும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். ஆகவே இரண்டு சாத்தியங்கள் உள்ளன: கெடுத்தது எம் மருந்தாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். இதுவானால், நிறுத்தியதும் அளவுகள் இறங்கும். எம் மருந்தைத் தொடரலாம். நேற்றுவரை முதல் சாத்தியம் ஒன்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு மச்சாளைப் பார்த்து, இந்தப் பொதியைக் கொண்டுவந்தமைக்கு நன்றி என்றார். மருந்தாளரிடம் காட்ட இதை வைத்துக்கொள்ளலாமா என்று இசைவும் கேட்டார்.

"வைச்சிருக்கச் சொல்லுங்கோ. உது இனி என்ரை வீட்டு வாசலுக்கு வராது" என்றார் மச்சாள்.

வெளியே நடைகூடத்தில் அக்கா பெருமூச்சு விட்டார்.

"நல்ல காலம், பிள்ளை. இனி அந்தக் கசப்பு இல்லை."

மச்சாள் நின்றுவிட்டார். "கசக்குது எண்டு நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீ கேக்கேல்லையே."

மச்சாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன. இரண்டையும் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

அன்று மாலை வந்த முடிவில் அளவுகள் மேலும் உயரவில்லை. வைத்தியர் அடக்கும் மாத்திரைகளைத் தொடங்காமல் பொறுத்தார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் பின்னரே உணர்ந்தேன். ஒவ்வொரு பரிசோதனை நாளும் அவரே தொலைபேசியில் அழைத்து முடிவைச் சொன்னார். அளவுகள் தயங்கித் தயங்கி இறங்கின. குளிர்காலத்தின் நடுவில் அக்கா மீண்டும் அந்தச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தார். மருந்து சொட்டத் தொடங்கியபோது மச்சாள் குழாயையும் அண்ணியின் கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வசந்தத்தில் எடுத்த ஸ்கேனில் நிணநீர்க் கணுக்கள் சுருங்கியிருந்தன. மறைந்துவிட்டன என்று வைத்தியர் சொல்லவில்லை. சுருங்கியிருக்கின்றன என்றே சொன்னார். முதல்நாள் தந்த அதே விடையை, அதே எல்லையோடு, மறுபடியும் தந்தார்: இன்னும் அந்த நல்ல கூட்டத்துள்தான் இருக்கிறீர்கள், அதற்குமேல் எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அது போதுமாயிருந்தது. ஊதா நிறப் புள்ளிகள் இப்போது இன்னும் பெருகியிருக்குமோ என்று மச்சாள் என்னைக் கேட்கச் சொன்னார். உள்ளே வெட்டிப் பார்க்காமல் அறிய முடியாது. பார்க்க வேண்டிய தேவையும் இப்போது இல்லை என்று விடை வந்தது. "அப்ப உவையைக் குழப்பாமல் விடுவம்" என்றார் மச்சாள்.

இப்போதும் மருந்து நாட்களில் அவர் வருகிறார். கையில் போத்தல் இருக்கிறது. உள்ளே இருப்பது சோற்றுக் கஞ்சி. அதைக் கொடுக்கலாமா என்று முதலில் என்மூலம் வைத்தியரிடம் கேட்டு, அரிசி, தண்ணீர், உப்பு என்று பொருள்களைத் தனித்தனியே சொல்லி இசைவு பெற்ற பின்பே கொண்டுவரத் தொடங்கினார். சென்ற முறை அவர் சிறு கோப்பையில் ஊற்றி நீட்ட, அக்கா ஒரு மிடறு குடித்தார். மச்சாள் வழக்கம்போல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கோப்பையைத் தாழ்த்தினார்.

"உப்புக் காணாது, பிள்ளை."

பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும்படி மச்சாள் சிரித்தார். பிறகு பையின் ஓரத்துள் விரலை விட்டு, தாளில் மடித்த உப்பை எடுத்தார்.

"காணாது எண்டு சொல்லுவியள் எண்டுதான், அண்ணி, கொண்டு வந்தனான்."